ஏழாம் பெட்டுக்கு நான் எழுதிய ஜுரம்

தெர்மாமீட்டருக்குள் நிற்கும் பாதரசக் கோட்டை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தது, நர்ஸ் வேலையில் சேர்ந்து மூன்று வாரம் கழித்துத்தான். வேலைக்கு எடுக்கும்போது இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பயிற்சியில் சொல்லித்தரவில்லையா என்றால், தந்தார்கள். இருபத்திரண்டு பெண்களுக்கு ஒரு தெர்மாமீட்டர். டீச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, லேசாக உருட்டினால் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு தெரியும், தெரிகிறதா என்று கேட்டார். எல்லோரும் தெரிகிறது என்றார்கள். மூன்றாவது வரிசையில் நின்ற எனக்கு டீச்சரின் கைக்கடிகாரம் தெரிந்தது. நானும் தெரிகிறது என்றேன். அப்புறம் என் கைக்கு வந்தபோது உருட்டினேன், சாய்த்தேன், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒரு பக்கம் எண்கள், இன்னொரு பக்கம் வெள்ளை. நடுவில் ஒன்றையும் காணோம். கேட்டிருக்கலாம். ஆனால் தலையை ஆட்டியாகிவிட்டதே. (ஒரு தடவை ஆட்டிவிட்டால் அப்புறம் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.) செய்முறைத் தேர்வில் எனக்கு நோயாளியாகப் படுத்திருந்தவள் வகுப்புத் தோழி. பார்க்கவே திடமாக இருந்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு என்று எழுதினேன். முழு மதிப்பெண்.

தங்கச் சுரங்கத்தை ஒட்டி, கோரமண்டல் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு பெட், ஒரு டாக்டர், ஒரு தெர்மாமீட்டர், வார்டைக் கட்டி ஆண்ட ரோஸ்லின் சிஸ்டர், அவருக்குக் கீழே பகலில் நான், ராத்திரிக்கு இன்னொருத்தி. மைன்ஸ் மூடுவதற்கு நாலைந்து வருஷம் இருந்தது அப்போது. என் அப்பா ஃபேக்டரியில் ஃபிட்டர். மகள் சிஸ்டர் ஆகிவிட்டாள் என்று தன் ஷிப்டில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லி முடித்து, அடுத்த ஷிப்டிலும் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஊரிகத்தில் எங்கள் லைன் வீட்டு வாசலில் காலையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள். "ஜான்சி, இன்னா ஜுரம்னு தொட்டுப் பாரும்மா" என்பார்கள். தொட்டுப் பார்ப்பதில் நான் கெட்டிக்காரி.

ஆஸ்பத்திரியிலும் அதே தொழில்நுட்பம்தான். தெர்மாமீட்டரை வாயில் வைப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன், எடுப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் புருவத்தைச் சுருக்குவேன். அதற்குள் இடது புறங்கை நெற்றியைத் தொட்டுவிட்டு வந்திருக்கும். சில்லென்று இருந்தால் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. கொஞ்சம் வெதுவெதுப்பு என்றால் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. சுட்டால் நூற்றொன்று புள்ளி ஆறு. (புள்ளி முக்கியம். புள்ளி வைத்து எழுதிய எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை.) வைப்பதற்கு முன்னால் பாதரசம் கீழே இறங்கும்வரை உதற வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. தெரியாத கோட்டை எதற்கு இறக்குவது? உதறும்போது கட்டில் கம்பியில் பட்டு உடைந்துவிடுமோ என்ற பயம் வேறு. நான் உதறுவதில்லை.

ஏழாம் பெட்டில் ஞானப்பிரகாசம் அங்கிள் இருந்தார். மைன்ஸில் அடியிலே காற்றும் சூடும் பார்க்கும் வெண்டிலேஷன் டிபார்ட்மெண்டில் முப்பது வருஷம் வேலை செய்து ரிட்டயர் ஆனவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகி, தையல் பிரித்து, புதன்கிழமை காலை வீட்டுக்குப் போகவேண்டியவர். வியாழக்கிழமை பத்து மணிக்கு அவருடைய ஒரே மகள் மெர்சிக்குக் கல்யாணம். ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாமல் போனதால், தேதியை விரலில் எண்ணி எண்ணி ஒரு வாரத்தை அந்தக் கட்டிலில் ஓட்டியிருந்தார். மகளைக் கையைப் பிடித்து மாதா கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதற்காக வார்டுக்குள்ளேயே தினமும் நடந்து பழகினார். ஜன்னலிலிருந்து கதவு வரை இருபது எட்டு வைப்பார். இடது கையைக் கொஞ்சம் மடக்கி வைத்துக்கொண்டு நடப்பார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரோஸ்லின் சிஸ்டர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்காக வேலூர் போனார். வியாழன் மத்தியானம் வந்துவிடுவேன், அதுவரை வார்டைப் பார்த்துக்கொள் என்றார். நான் தலையை ஆட்டினேன்.

புதன்கிழமை காலை ஏழு மணி. ஏழாம் பெட்டுக்கு வந்தேன். தெர்மாமீட்டரை அங்கிள் வாயில் வைத்தேன், எடுத்தேன், வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்து நடிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அது நடந்தது. கண்ணாடிக்குள் பளிச்சென்று ஒரு வெள்ளிக் கோடு. விரலை அசைத்தால் மறைகிறது, திருப்பினால் வருகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு வருஷமாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்துவிட்டேன். கோடு நூற்று மூன்றில் நின்றது. என் வாழ்க்கையில் நான் உண்மையாகவே படித்த முதல் எண். அந்தச் சந்தோஷத்தில் சார்ட்டில் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

அங்கிள் எட்டிப் பார்த்தார். "எவ்ளோ சிஸ்டர்?"

"நூத்தி மூணு."

அவர் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஒரு தபா உதறிட்டு வெச்சுப் பாக்கறீங்களா?"

என் முதல் எண்ணை ஒருவர் சந்தேகப்படுவதா? இது ஆஸ்பத்திரி தெர்மாமீட்டர், உங்கள் மைன்ஸ் தெர்மாமீட்டர் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனேன். (இருபத்தோரு வயது. கஞ்சி போட்ட வெள்ளை யூனிஃபார்ம். அப்படித்தான் பேச வரும்.)

டாக்டர் ஓடி வந்தார். அங்கிள் அப்போதுதான் சூடான டீயைக் குடித்துவிட்டு, வெந்நீரில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். டாக்டர் கன்னத்தைத் தொட்டார், சுட்டது. ஆபரேஷன் ஆன உடம்பில் நூற்று மூன்று என்றால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம் என்றார். டிஸ்சார்ஜ் கிடையாது, ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டெம்பரேச்சர். முதல் ஊசியை நானே போட்டேன்.

பதினோரு மணிக்கு மறுபடி போனேன். கோடு தெரிந்துவிட்ட உற்சாகத்தில் புத்தகத்தில் சொன்னபடியே எல்லாவற்றையும் செய்யத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக உதறினேன். நாலு உதறு. கோடு கிடுகிடுவென்று கீழே இறங்கியது. அதாவது, உதறாதவரை அது இறங்காது. அதாவது, காலையில் நான் படித்தது அங்கிளின் ஜுரம் இல்லை. அவருக்கு முன்னால் அந்தத் தெர்மாமீட்டரை வாயில் வைத்திருந்த வேறு யாரோ ஒருவருடையது. மூன்று நிமிஷம் வைத்து எடுத்தேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு.

அந்த இடத்தில் நான் டாக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. திட்டியிருப்பார், அங்கிள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் எனக்கு மூன்று மாதம் சோதனைக் காலம். அப்பா இரண்டு ஷிப்டுக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு ஊசி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் நூற்றிரண்டு புள்ளி இரண்டு என்று எழுதினேன்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையசைத்தார். "மருந்து பிடிக்குது. நல்லவேளை, மெதுவா இறங்குது. சட்டுன்னு நார்மல்னு வந்திருந்தா காலையில பாத்ததையே சந்தேகப்பட்டிருப்பேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைக் கட்டிப்போட்டுவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு மணி நேரத்துக்கு முக்கால் டிகிரி வீதம் இறக்கிக்கொண்டே வந்தால் வியாழன் காலை ஏழு மணிக்கு நார்மல். கல்யாணம் பத்து மணிக்கு. மூன்று மணி நேரம் மிச்சம். யாருக்கும் நஷ்டமில்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மூன்று மணிக்கு நூற்றொன்று புள்ளி நாலு என்று எழுதினேன். டாக்டர் சார்ட்டில் புள்ளிகளை இணைத்துப் பார்த்து, பாடப்புத்தகத்தில்கூட இவ்வளவு அழகாக இறங்காது என்றார். ஒரு தாளில் அதை அப்படியே வரைந்து எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை ரயிலில் பெங்களூர் போகிறாராம், அங்கே தன் பழைய புரொஃபசரிடம் காட்டவேண்டுமாம்.

மறுநாள் காலை அவர் இருக்கமாட்டார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஐந்து மணிக்கு மெர்சி வந்தாள். கையில் மருதாணி இன்னும் காயவில்லை, விரல்களை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போய் அழாமல் கேட்டாள். நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் அப்பாவை அனுப்புங்கள், பூசை முடிந்ததும் நாங்களே கொண்டுவந்து படுக்க வைத்துவிடுகிறோம். டாக்டர் நல்ல மனுஷன்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, இப்போது ஜுரம் தொண்ணூற்றொன்பதுக்குக் கீழே இருந்தால் ஊருக்குப் போகுமுன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், மேலே இருந்தால் கேட்கக்கூடாது என்றார். என்னைப் பார்த்தார்.

மெர்சி என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் உதறினேன். நாக்குக்கடியில் வைத்தேன். மூன்று நிமிஷம். அங்கிள் வாயை மூடிக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எடுத்தேன். கோடு இப்போதெல்லாம் எனக்கு வெகு நன்றாகத் தெரிந்தது. தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு, அதற்கு ஒரு மயிரிழை மேலே இல்லை.

"எவ்ளோ இருக்கு, சிஸ்டர்?" என்றாள் மெர்சி. அவளுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்?

மூன்று மணிக்கு நூற்றொன்று புள்ளி நாலு. இரண்டு மணி நேரத்தில் மூன்று டிகிரி எப்படி இறங்கும் என்று டாக்டர் கேட்பார். என் கையிலிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கிப் பார்ப்பார். காலையில் என்ன செய்தாய் என்பார்.

"நூத்தி ஒண்ணு" என்றேன்.

சொல்லிக்கொண்டே உதறிவிட்டேன். மெர்சி அப்பாவின் தலைமுடியை மருதாணி படாமல் புறங்கையால் ஒதுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

ஏழாம் பெட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நைட் டூட்டிக்காரியிடம் சொல்லிவிட்டு அன்று ராத்திரி வார்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, நான் போட்ட கணக்குப்படி, சார்ட்டில் ஜுரம் நார்மலுக்கு வந்தது. அங்கிள் ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, வீட்டிலிருந்து வந்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நார்மல், அங்கிள்."

"அப்போ போலாமா?"

"டாக்டர் வரணும்" என்றேன். டாக்டர் அந்நேரம் பங்காருபேட்டை தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், சட்டைப் பையில் என் ஓவியத்தோடு.

அங்கிள் வாக்குவாதம் செய்யவில்லை. செய்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பத்து மணிக்குக் கோயில் மணி வார்டு வரைக்கும் கேட்டது. அங்கிள் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். அப்புறம் அங்கிருந்து கதவு வரை நடந்தார். இருபது எட்டு. நான் மருந்து அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏற்கெனவே எண்ணிய மாத்திரைகளை மறுபடி எண்ணினேன்.

பன்னிரண்டரைக்குக் கல்யாணக் கும்பல் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டது. வெள்ளைப் புடவையில் மெர்சி, கோட்டு போட்ட மாப்பிள்ளை, பின்னால் உறவுக்காரர்கள். மெர்சி தன் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் போனதாக யாரோ சொன்னார்கள். அங்கிள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டார். வார்டில் மற்ற நோயாளிகளுக்கெல்லாம் கேக் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. சாப்பிட்டேன். (அதையும் சொல்லிவிடுகிறேன். பசி.)

அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ரோஸ்லின் சிஸ்டர் பையோடு உள்ளே நுழைந்தார். நேற்றே வீட்டுக்குப் போயிருக்கவேண்டியவர் ஏன் புதுச் சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார். ஜுரம் என்றார்கள். பையைக் கீழே வைக்காமலே சார்ட்டை எடுத்துப் பார்த்தார். அடுத்து, ஐந்து கட்டில் தள்ளி இரண்டாம் பெட்டின் சார்ட்டையும் எடுத்துப் பார்த்தார். அதில் டைஃபாய்டோடு ஒரு அம்மாள் படுத்திருந்தார். என்னை மருந்து அறைக்குக் கூப்பிட்டார்.

"ரெண்டாம் பெட்டுல நேத்து காலம்பர ஆறு மணிக்கு நூத்தி மூணு, நைட் டூட்டிக்காரி எழுதியிருக்கா. ஏழாம் பெட்டுல ஏழு மணிக்கு நூத்தி மூணு, நீ எழுதியிருக்க. நடுவுல உதறினியா?"

நான் தலையை ஆட்டவில்லை.

"சரி. அப்பால எழுதினதெல்லாம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரின் கைக்கடிகாரத்திலிருந்து ஆரம்பித்து அழுதுகொண்டே சொன்னேன். அவர் அடிப்பார் என்று நினைத்தேன். தன் கைக்குட்டையைக் கொடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் அவர்களிடம் நீயே சொல், நான் சொல்லமாட்டேன் என்றார்.

மருந்து அறையிலிருந்து ஏழாம் பெட்டுக்கு எத்தனை எட்டு என்று எனக்குத் தெரியாது. ரொம்பத் தூரம். கேக் தின்றுகொண்டிருந்த கும்பலுக்கு முன்னால் நின்று, அங்கிளுக்கு ஜுரம் வரவே இல்லை, முதல் தடவை நான் தெரியாமல் எழுதினேன், மற்றதெல்லாம் தெரிந்தே எழுதினேன் என்றேன். சித்தப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை அவரைப் பிடித்துக்கொண்டார். மெர்சி என்னைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம் நான் கேட்டப்போ எவ்ளோ இருந்துச்சு?"

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கிள்தான் பேசினார், என்னிடம் இல்லை, மகளிடம்.

"எனக்கு ஜுரம் இல்லன்னு எனக்கே தெரிஞ்சுதும்மா. நான் கீழ லெவல் லெவலாப் போயி சூடு எவ்ளோன்னு பாத்து எழுதின ஆளு. எழுதினத மாத்திப் போடுன்னு சொன்னவங்க இருக்காங்க. ஒரு தபா கூட மாத்தல. மீட்டரப் புடிச்சவங்க எழுதினா அதான் கணக்குன்னு இருந்தவன். இவங்க எழுதினத நான் எப்படி இல்லன்னு சொல்றது?"

என்னைத் திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் மறந்திருப்பேன்.

சாயங்காலம் டாக்டர் பெங்களூரிலிருந்து திரும்பினார். புரொஃபசர் அந்த வரைபடத்தை வெகுவாகப் பாராட்டினாராம். ரோஸ்லின் சிஸ்டர் அவரை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்தபோது டாக்டர் என் பக்கம் பார்க்கவே இல்லை, நேராகப் போய் அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டார். என்னை அனுப்பிவிடலாம் என்றுதான் அவர் சொன்னாராம். ரோஸ்லின் சிஸ்டர்தான் கூடாது என்றிருக்கிறார். "இவள அனுப்பிட்டா வேற ஒரு ஆஸ்பத்திரில போயி இதையே எழுதுவா. இங்கயே இருக்கட்டும், என் கண்ணு முன்னால" என்றாராம். அதற்கப்புறம் ஆறு மாதம் ஒவ்வொரு நோயாளிக்கும் நான் ஒரு தடவை பார்ப்பேன், அவர் ஒரு தடவை பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் சார்ட்டில் ஏறும். நோயாளிகள் வாய் வலிக்கிறது என்று புகார் செய்தார்கள்.

அங்கிளை நான் போய்ப் பார்க்கவில்லை. போகவேண்டும் என்று நினைத்தேன், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைத்தேன். ஒரு தடவை கோரமண்டல் ஸ்டேஷனில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வந்த ரயிலை விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். அடுத்த ரயில் வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. கல்யாணமாகி பங்காருபேட்டைக்கு வந்து அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வெளிநோயாளிகள் வரிசையில் ஒருவர் எட்டு வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண் சிவந்து, உதடு காய்ந்து இருந்தாள். தெர்மாமீட்டரை எடுத்ததுமே என்னைப் பார்த்துக் கண்டிப்பாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, எனக்கு நெஜ ஜுரம். ஜான்சி ஜுரம் இல்ல."

என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் அப்பா சிரித்தார். "தப்பா நெனைக்காதீங்க சிஸ்டர். ஸ்கூலுக்குப் போகாம இருக்க இவ பொய்யா ஜுரம்னு சொன்னா எங்க வீட்ல அதுக்கு அந்தப் பேரு. எங்க மாமனார் வெச்சது. எங்க கல்யாணத்தப்போ ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டர்..." என்று முழுக்கதையையும் சொன்னார். கோட்டு இல்லாமல் எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அந்தக் காலத்து நர்ஸ் தொப்பி இல்லாமல் அவருக்கு என்னைத் தெரியவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மாமனார் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். அந்த ஜான்சிக்குத் தெர்மாமீட்டர்தான் பார்க்கத் தெரியாது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பாராம்.

"இப்போ எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"மாமா தவறிப் போயி ரெண்டு வருஷமாச்சுங்க."

நான் தெர்மாமீட்டரை உதறினேன். தேவைக்கு மேலேயே உதறினேன். மூன்று நிமிஷம் வைத்து எடுத்து, அந்தப் பெண்ணின் கண்ணுக்கு நேரே பிடித்து, கோடு தெரியும்வரை உருட்டிக் காட்டினேன். அவளே படித்தாள். நூற்றொன்று புள்ளி ஆறு. சீட்டில் அதை எழுதினேன். அடியில் வெறும் கிறுக்கலாகக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். அன்று முழுப்பெயரையும் எழுதினேன், எவ்வளவு அழகாக முடியுமோ அவ்வளவு அழகாக.

அவர் மருந்து ஜன்னல் வரிசையில் நின்றபோதுதான் சீட்டைப் படித்தார். திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் குனிந்து மகளிடம் ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போய் என் கணவரிடமும் பிள்ளைகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. இப்போது எங்கள் வீட்டிலும் திங்கட்கிழமை காலைகளில் போர்வைக்குள்ளிருந்து சின்னவன் குரல் கொடுக்கிறான்: "அம்மா, எனக்கு உன் ஜுரம்." எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய்த் தெர்மாமீட்டரை உதறி அவன் நாக்குக்கடியில் வைக்கிறேன். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.